சல்லடையும் பன்னிரண்டாயிரம் சொற்களும்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவர்கள் கீழ்த்தளத்து அச்சகத்துக்காரர்கள். நான்காம் மாடியில் இருந்த அகராதிப் பிரிவிலிருந்து பக்கங்கள் இறங்கிவரும், அச்சாகும், மறுபடி மேலே போகும். ஒரு காற்புள்ளி மயிரிழை தள்ளி உட்கார்ந்திருந்தால்கூட அவள் கண்ணில் பட்டுவிடும். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். முதலில் அந்தப் பெயரை முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். விஷயம் தெரிந்தால் ஆடித் தீர்த்துவிடுவாள் என்று பயந்தார்கள். அவளோ கொஞ்சம் யோசித்துவிட்டு, சல்லடையில் நல்ல மாவு கீழே போய்விடும், கப்பிதான் மேலே தங்கும், என் மேசையிலும் அப்படித்தானே என்று சொல்லி, அந்தப் பெயருக்கும் பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

இந்தக் குணம் நேற்று முளைத்ததல்ல. வாய் திறந்து பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளிடம் இருந்தது ஒரே கேள்விதான்: “அப்படின்னா?” அப்பா பஸ் ஓட்டினார். விடுமுறை நாட்களில் அவரை ஒட்டிய முன்சீட்டில் அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். தாமதம் என்றால் என்ன என்று கேட்பாள். நேரம் கழித்து வருவது என்பார். நேரம் என்றால்? கடிகாரத்தில் ஓடுவது. கடிகாரம் என்றால்? நேரம் காட்டுவது. நேரம் என்றால்? அங்கே அப்பா ஹாரனை அழுத்திவிடுவார். முன்னால் வண்டி எதுவும் இருக்காது. பின்சீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

வளர்ந்து படித்துமுடித்து, இருபத்து மூன்றாவது வயதில் அந்தப் பதிப்பகத்தில் சேர்ந்தாள். அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய பெண் குழந்தை. தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. தம்பி மனைவி மருத்துவமனையில் நர்ஸ். சல்லடைக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஆக விடவில்லை என்றுதான் அம்மா சொல்வாள். ஒருமுறை நல்ல இடத்திலிருந்து ஒருவர் தன்னைப் பற்றி இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தார். அதில் பதினோரு எழுத்துப்பிழைகள். அவள் கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், கைப்பழக்கத்தில், சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த இடம் அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

அவள் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டதும் ஒரு கடிதம்தான். எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. பதிப்பகம் வெளியிட்ட மாணவர் அகராதியைப் பற்றியது. பன்னிரண்டாயிரம் சொற்கள், கெட்டி அட்டை, பையில் வைத்தால் தோள் இறங்கும் கனம். ‘உங்கள் அகராதியில் சோம்பல் என்ற சொல்லுக்குச் சுறுசுறுப்பு இல்லாமை என்று போட்டிருக்கிறீர்கள். சுறுசுறுப்புக்குச் சோம்பல் இல்லாமை என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தெரியாதவள் என்ன செய்வது என்று என் மாணவி ஒருத்தி கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அனுப்பவும்.’

அகராதியின் ஆசிரியர் ஒல்லியான மனிதர். தொண்டைக்கு இதமான மிட்டாய் ஒன்று எப்போதும் அவர் கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். கடிதத்தைப் படித்ததும் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டார். அவரைப் பொறுத்தவரை இது மானப் பிரச்சினை. சல்லடையைக் கூப்பிட்டு, புதிய பதிப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் அகராதி முழுவதையும் சலித்து, இப்படிச் சுற்றிச் சுற்றி வருவது ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட வேண்டும் என்றார். அவளும் மூன்று மாதம் எதற்கு, மூன்று வாரம் போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள். பின்னாளில் இந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

முதல் நாள் காலை உற்சாகமாக உட்கார்ந்தாள். சோம்பலைத் தொடாமல், சுறுசுறுப்பை மட்டும் ‘வேலையை விரைந்து செய்யும் தன்மை’ என்று மாற்றினாள். முடிந்தது. ஆனாலும் சல்லடை அல்லவா? மாணவிக்கு வேலை என்பது தெரியாவிட்டால்? சொல்லுக்கு ஓர் அட்டை வீதம் அடுக்கிய இழுப்பறையிலிருந்து வேலையின் அட்டையை எடுத்தாள். ‘பயன் கருதிச் செய்யும் செயல்.’ செயலைப் பார்த்தாள். ‘செய்யப்படுவது.’ செய் என்பதைப் பார்த்தாள். ‘ஒரு வேலையில் ஈடுபடு.’ போச்சு. சரி, விரைவு என்ற பக்கமாகப் போவோம் என்று போனால், அது நேரத்தில் கொண்டுபோய் விட்டது. நேரத்திலிருந்து கடிகாரம், கடிகாரத்திலிருந்து கருவி. கருவி என்றால் ‘வேலை செய்ய உதவும் பொருள்’. வேலை மறுபடியும் வாசலில் வந்து நின்றது. கூடவே பொருள் வேறு. பொருள் என்றால் ஒரு பண்டம், பொருள் என்றால் ஒரு சொல்லின் அர்த்தம். அர்த்தத்துக்குப் போட்டிருந்த அர்த்தம், பொருள்.

மேசை போதவில்லை. அட்டைகளைத் தரையில் பரப்பினாள். எந்தச் சொல் எந்தச் சொல்லைக் கூப்பிடுகிறதோ அவை இரண்டுக்கும் நடுவே சிவப்புக் கம்பளி நூலை இழுத்துக் குண்டூசி குத்தினாள். ஒரு வாரத்தில் அறையின் தரை காணாமல் போனது. ஐந்நூறு அட்டைகள், அவற்றின் மேல் சிலந்திக்குக் கிறுக்குப் பிடித்ததுபோல் நூல். நாற்காலியைத் தேடிப்போனால் உட்காருவது வந்தது, உட்காருவதைத் தேடினால் இடுப்பு வந்தது, இடுப்பிலிருந்து உடல், உடலிலிருந்து உயிர். ஒரு நாற்காலிக்கு விளக்கம் எழுத உயிர்வரை போக வேண்டியிருந்தது. பத்தாம் நாள் மத்தியானம் அவளுக்கு நிஜமாகவே தலைசுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, தலைசுற்றலுக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தாள். ‘சுற்றியுள்ளவை சுழல்வது போன்ற உணர்வு.’ சுழல் என்றால் ‘சுற்று’. சுற்று என்றால் ‘சுழல்’. அவள் தனியாக நின்று விழுந்து விழுந்து சிரித்த சத்தம் கேட்டு, கீழே இருந்த காவலாளி நான்கு மாடியும் ஏறி ஓடிவந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

விஷயம் ஆசிரியர் காதுக்குப் போனது. வந்து வாசற்படியில் நின்றார். உள்ளே வர இடமில்லை. எங்கேயாவது ஒரு சொல் யார் தயவும் இல்லாமல் தன் காலில் நிற்கும், அதிலிருந்து தொடங்கு என்றார். அவள் தேடிவிட்டதாகச் சொன்னாள். எல்லாச் சொற்களும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டுதான் நிற்கின்றன, ஒன்றைப் பிடித்து இழுத்தால் பன்னிரண்டாயிரமும் அசைகின்றன என்றாள். ஆசிரியர் சும்மா விடவில்லை.

“அப்ப ஒரு குழந்தை முதல் வார்த்தைய எப்படிம்மா கத்துக்கும்? பன்னிரண்டாயிரத்தையும் ஒரே நாள்ல கத்துக்குமா?”

அந்தக் கேள்வி பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வீடுவரை வந்தது.

வீட்டில் தம்பியின் குழந்தை வரவேற்றது. அதற்கு அப்போது ஒரு வயது. அதனிடம் இருந்த சொல் ஒன்றே ஒன்று: “தா.” பாலும் தா, விளக்கும் தா, அம்மாவும் தா, பக்கத்து வீட்டுப் பூனையும் தா. ஒற்றைச் சொல்லில் உலகத்தையே வாரிச் சுருட்டி வைத்திருந்தது. சல்லடை அன்றிலிருந்து குழந்தை பின்னாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தவழ்ந்தாள். இரண்டு வாரம் கழித்துக் குழந்தைக்கு இரண்டாவது சொல் வந்தது. பூனையைப் பார்த்து “பூ” என்றது. நாயையும் பூ என்றது. தம்பியின் கம்பளித் தொப்பியையும் பூ என்று தடவிக்கொடுத்தது. ஆனால் சல்லடை கவனித்தது வேறு. அன்றிலிருந்து பூனையைப் பார்த்துக் குழந்தை ‘தா’ சொல்லவே இல்லை. ‘தா’வை யாரும் தொடவில்லை, திருத்தவில்லை. பக்கத்தில் ஒரு சொல் வந்து குடியேறியதும் அது தானாக ஒதுங்கி இடம் விட்டுவிட்டது. அப்புறம் “ம்மா” வந்தது. ‘தா’ இன்னும் கொஞ்சம் ஒடுங்கி, கையை நீட்டிக் கேட்பதற்கு மட்டும் என்றானது.

மறுநாள் காலை ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்து, குழந்தை முதல் வார்த்தையைக் கற்றுக்கொள்ளும்போது அது முழு அகராதிதான், அட்டை மட்டும்தான் ஒன்று, அப்புறம் வருகிற ஒவ்வொன்றும் பழையதை எல்லாம் மாற்றுகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஆசிரியர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார்.

இந்த நேரத்தில்தான் லிஃப்ட் நின்றது. பழைய கட்டடம், பழைய லிஃப்ட். அதன் மோட்டார் மொட்டைமாடியில் ஒரு சிறிய அறையில் இருந்தது. மொட்டைமாடிக்குப் போகும் இரும்பு ஏணி அகராதி அறையின் அந்தக் கோடியில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, கையில் கருவிப்பெட்டியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். காதோரம் நரை, சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச், முழங்கையில் கிரீஸ். உள்ளே கால்வைக்கப்போனவரை, வைக்காதீங்க என்று சல்லடை நிறுத்தினாள். அவர் தரையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் காலணியைக் கழற்றினார். பெட்டியைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு, அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே கட்டைவிரலை மட்டும் ஊன்றி, நூலைத் தாண்டி, கொக்குபோல் கால்மாற்றிக் கால்மாற்றி நடந்தார். ஏணியை எட்ட ஆறு நிமிடம் ஆனது. ஒரு நூலும் அறுபடவில்லை. பதினைந்து வருட வேலையில் தன் அட்டைகளுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த இன்னொரு ஆளை அவள் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் நின்று, இதெல்லாம் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். ஆசிரியருக்குச் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். அவர் ஒற்றைக்காலில் நின்றபடியே முழுக்கக் கேட்டார்.

“லிஃப்டுன்னா மேல ஒரு கொக்கி இருக்கும்ங்க. எல்லாக் கனமும் அங்க போய்ச் சேரும். இதுக்குக் கொக்கி எங்க இருக்கு?”

“இதுக்குக் கொக்கியே இல்லைங்க.”

“அப்புறம் எப்படி விழாம நிக்குது?”

“அதுதான் எனக்கும் தெரியல. ஆனா நிக்குதே. இப்ப நீங்களும் நானும் பேசிக்கிட்டுதானே இருக்கோம்.”

அவர் அதை யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் பெட்டியிலிருந்து ஒரு திருகாணி விழுந்து ‘கருணை’ என்ற அட்டைமேல் உருண்டது. சல்லடைக்கு என்ன தோன்றியதோ, லிஃப்ட் சரியான பிறகும் இந்தப் பக்கம் வருவீர்களா, ஒரு டீ குடிக்கலாமே என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது.

“பார்க்கலாம்” என்றார் லிஃப்ட்காரர். தூக்கிய காலை ஊன்றி, இன்னும் நாலு எட்டில் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

பார்க்கலாம். சல்லடை நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வாரம் அவள் மேசைமேல் கிடந்த சொல்லே ‘பார்’தான். பன்னிரண்டாயிரத்தில் அதைப்போல் ஒரு போக்கிரியை அவள் கண்டதில்லை. கண்ணால் பார்க்கலாம், வேலை பார்க்கலாம், ஆழம் பார்க்கலாம், பதம் பார்க்கலாம், வேடிக்கை பார்க்கலாம், கண்ணை மூடிக்கொண்டு நடந்துகூடப் பார்க்கலாம். சரி, வேலை முடிந்த பிறகும் வருவீர்களா என்று ஒருவர் டீக்கு அழைத்து இன்னொருவர் பார்க்கலாம் என்றால்? அகராதியில் அதற்கு இடமே ஒதுக்கவில்லை.

விசாரணையைத் தொடங்கினாள். பெயர் சொல்லாமல் அம்மாவிடம் கேட்டாள். உங்கப்பா பார்க்கலாம் என்று சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம் என்றாள் அம்மா. தம்பி மனைவி, உங்க தம்பி சொன்னால் காதிலேயே விழவில்லை என்று அர்த்தம் என்றாள். காவலாளியிடம் கேட்டபோது, மேலாளர் சொன்னால் அடுத்த வருஷம், அதே சொல்லை என் மச்சான் சொன்னால் அடிதடி என்றார். ஒரே சொல் வீட்டுக்கு வீடு, வாய்க்கு வாய் வேறாக இருந்தது. அதை எவன் சொல்கிறானோ அவனுடைய மற்றச் சொற்களையும் தெரிந்துகொள்ளாமல் அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்று அவளுக்குப் பட்டது. பட்டதும் உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஏனென்றால் அந்த வேலை அவளுக்குத் தெரிந்த வேலை.

புதிய இழுப்பறை ஒன்றைக் காலிசெய்தாள். லிஃப்டுக்கு ஒரு பல்சக்கரம் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. அதனால் லிஃப்ட்காரர் மூன்று வாரம் வந்து போனார். ஏணி ஏறும்போது, இறங்கும்போது, டீ குடிக்கும்போது அவர் சொன்னதையெல்லாம், எப்போது யாரிடம் சொன்னார், சொன்னபின் என்ன செய்தார் என்பதோடு அட்டையில் எழுதினாள். வேலைக்கு நடுவே குடிக்கும் டீ அகராதி அறைக்கே வந்தது. இரண்டாவது நாளிலிருந்து அவர் நடக்கும் வழியில் மட்டும் அட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருந்தாள். அவருக்கு மழை பிடிக்கும், மலையேறப் பிடிக்காது, ஊர் ஊராக லிஃப்ட் மாட்டித் திரிந்ததில் கல்யாணத்துக்கு நேரம் அமையவில்லை, தங்கைக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவார் என்பதெல்லாம் அட்டைக்கு வெளியே தெரியவந்தவை.

மூன்றாவது வாரக் கடைசியில் நாற்பத்தாறு அட்டைகள் சேர்ந்திருந்தன. காலையில் அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். மேலாளர் வந்து நச்சரிக்கும்போது லிஃப்ட்காரர் “கண்டிப்பா” என்பார். சொன்னது எதையும் அன்று செய்ததில்லை. ஆகவே கண்டிப்பா என்றால், ஆளை விடுங்கள். முடியாத வேலையைக் கேட்டால் முகத்துக்கு நேரே “முடியாது” என்றுவிடுவார். ஒன்பது தடவை சொல்லியிருக்கிறார். மறந்துபோனால் மறந்துட்டேன் என்று ஒத்துக்கொள்வார். தள்ளிப்போட நினைத்தால் கிழமையைச் சொல்லித் தள்ளிப்போடுவார். மறுப்புக்கு ஒரு சொல் இருக்கிறது, மழுப்பலுக்கு ஒரு சொல் இருக்கிறது, தாமதத்துக்குக் கிழமை இருக்கிறது. எல்லா நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று. பார்க்கலாம் என்ற சொல்லுக்கு மிச்சமிருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

அவள் எழுந்தாள். அந்தச் சமயம் பார்த்து மொட்டைமாடியில் மோட்டார் உறுமியது. லிஃப்ட் சரியாகிவிட்டது. அட்டைகளில் மூழ்கியிருந்தவள் அவர் ஏணியில் இறங்கிப் போனாரா என்று கவனித்திருக்கவில்லை; இந்நேரம் கிளம்பியிருப்பார். வெளியே ஓடினாள். லிஃப்ட் கதவு மூடி, பெட்டி கீழே நழுவிக்கொண்டிருந்தது. சல்லடை படிக்கட்டில் பாய்ந்தாள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவள் ஓடியதே இல்லை. மூன்றாம் மாடியில் கதவின் கண்ணாடிக் கீற்றில் வெளிச்சம் அவளைத் தாண்டியது. இரண்டாம் மாடியில் அவள் வெளிச்சத்தைத் தாண்டினாள். முதல் மாடியில் ஒரு செருப்பு கழன்றது. தரைத்தளத்தில் அவள் போய் நின்றபோது லிஃப்ட் மெதுவாக வந்து, மணியடித்து, கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

பின்னால் தடதடவென்று சத்தம். லிஃப்ட்காரர் படிக்கட்டில் ஓடிவந்துகொண்டிருந்தார், அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி. லிஃப்டை வெறுமனே அனுப்பிச் சோதித்துவிட்டு ஏணியில் இறங்கியவர், அவள் ஓடுவதைக் கண்டதும் கட்டடத்தில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

“என்னாச்சுங்க? எங்க தீ?”

“பார்க்கலாம்னு சொன்னீங்களே,” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அதுக்கு ஆமான்னுதானே அர்த்தம்?”

“எப்பச் சொன்னது?”

“மூணு வாரம் முன்னாடி. வியாழக்கிழமை. பதினொன்றரை மணிக்கு.”

லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து நினைவுபடுத்திப் பார்த்தார். காவலாளி வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“பொய் சொல்ல மாட்டேன்ங்க. அன்னைக்கு ஒரு அர்த்தமும் இல்லாமத்தான் சொன்னேன். ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டிருந்தேன். சீக்கிரம் ஏதாவது சொல்லிட்டு வாசலுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு.”

நாற்பத்தாறு அட்டைகளும் அவள் தலைக்குள் சரிந்தன. செருப்பை வாங்கிக்கொண்டாள். மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

“ஆனா அதுக்கப்புறம் உங்ககிட்ட எவ்வளவோ பேசிட்டேன்,” என்றார் அவர். “இப்ப அதே வார்த்தைய எடுத்துப் பார்த்தா, ஆமான்னுதான் இருக்கு. அன்னைக்கே அப்படித்தான் சொன்னேனோன்னு இருக்கு.”

சல்லடைக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, விக்கலும் வந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததால் எதுவும் ஒழுங்காக வரவில்லை. குழந்தையிடம் பார்த்திருந்தும், பெரியவர்கள் முன்னால் சொல்லிமுடித்த சொல்லையும் பின்னால் வரும் சொல் போய்த் திருத்திவிட்டு வரும் என்பது இத்தனை வருட வேலையில் அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டிருந்தது. அவள் வந்து நின்றதில் அந்த மனிதரின் சொற்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தன. அட்டைகளில் எழுதி வைத்திருந்தது பழைய லிஃப்ட்காரரை. இருவரும் அன்று அந்த லிஃப்டில் ஏறி நான்காம் மாடிக்குப் போனார்கள். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தார்கள்.

அடுத்த வாரம் ஆசிரியரிடம் போய், சொற்கள் சுற்றிவரும் வட்டங்களை எடுக்க முடியாது என்று சல்லடை சொன்னாள். பெரிதாக்க மட்டும் முடியும். இரண்டே சொல்லுக்குள் சுற்றினால் படிக்கிற பிள்ளைக்குத் தலைதான் சுற்றும். நாற்பது சொல்லைச் சுற்றிவிட்டு வந்தால், புறப்பட்ட இடத்துக்கே வந்தாலும் வழியில் நாற்பதும் தெரிந்திருக்கும் என்றாள். ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், மிட்டாய் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். பதினைந்து வருடத்தில் அவர் யாருக்கும் அதை நீட்டியதில்லை. அதன்பின் ஒரு மாதம் அவளும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து சின்ன வட்டங்களையெல்லாம் உடைத்து ஒன்றோடொன்று கோத்தார்கள். ‘எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் மனம் வராத நிலை’ என்று சோம்பலுக்கு எழுதினார்கள். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்குத் தனிப் பத்தி. அதன் கடைசி வரியை எழுதியது யார் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்: ‘சொல்பவரைப் பொறுத்து, சம்மதம்.’

புத்தகம் வெளிவந்த ஆறு மாதத்தில் அதே ஆசிரியையிடமிருந்து மறுபடி ஒரு புகார். இந்தமுறை புத்தகத்தின் அட்டைக்கட்டு பற்றி. அவருடைய வகுப்பில் பிள்ளைகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தி ஏதோ ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், இன்னொருத்தி எங்கோ இருக்கும் வேறொரு சொல்லைச் சொல்ல வேண்டும். விளக்கத்துக்கு விளக்கம் தாவி யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்று போட்டி. கொசுவிலிருந்து அரசனுக்கு ஐந்தே தாவலில் போனவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்திருக்கிறார்கள். வேகமாகப் புரட்டிப் புரட்டிப் பன்னிரண்டு பிரதிகள் முதுகு பிய்ந்துவிட்டன. சல்லடை அந்தக் கடிதத்தைப் பிழை பார்க்காமல் இரண்டுமுறை படித்தாள்.

பதிவு அலுவலகத்தில் அவளுக்கும் லிஃப்ட்காரருக்கும் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் காவலாளியும் தம்பியும். குடும்பம் என்று ஆனபிறகு தினமும் ஒரு மொழிச் சண்டை. அவருக்கு ‘இதோ வந்துட்டேன்’ என்றால் இரண்டு மணி நேரம், அவளுக்கு இரண்டு நிமிடம். அவருக்குப் ‘பக்கத்துலதான்’ என்றால் பஸ்ஸில் போகிற தூரம். ஒருநாள் அவள் கொஞ்சம் உப்பு போடச் சொன்னாள், அவர் தன்னுடைய ‘கொஞ்ச’த்தைப் போட்டார், இருவரும் அன்று வெறும் ரொட்டி வாங்கித் தின்றார்கள். இரண்டு பேர் வாயில் ஒரு சொல்கூட ஒரே மாதிரி இல்லையே, பிறகு எப்படித்தான் குடித்தனம் நடக்கிறது என்று அவள் ஆச்சரியப்படுவாள். நடந்தது. கேட்டுக்கேட்டு, தப்பாகப் புரிந்துகொண்டு, சிரித்து, மறுபடி கேட்டு நடந்தது. ஒருநாள் அந்த இழுப்பறையை அவரிடமே காட்டினாள். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இப்போது நான் சொல்வதில்லை, இது உன்னிடமிருந்து தொற்றிக்கொண்டது, இது எனக்கே புதிதாக இருக்கிறது என்று பிரித்துவைத்தார். சரியாக மிஞ்சியவை நான்கு.

இப்போது சல்லடைக்கு நாற்பத்தைந்து வயது. ஆசிரியர் ஓய்வுபெற்றபின் அவர் நாற்காலி அவளுக்கு வந்தது. சென்ற மாதம் லிஃப்ட்காரருக்கு நகரத்திலேயே உயரமான கட்டடத்தில் வேலை. இருபத்தாறு மாடி. திறப்பதற்கு முன்னால் சோதனை ஓட்டம் ஒன்று உண்டு. அதற்கு அவளையும் மாமியாரையும் அழைத்துப்போனார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு. வாழ்நாளில் நான்கு மாடிக்குமேல் ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பெயின்ட் வாசம் போகாத கூடம், பிளாஸ்டிக் உறை பிரிக்காத லிஃப்ட். அம்மா உள்ளே நுழைந்ததும் மகளின் முழங்கையையும் மருமகனின் பெல்ட்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டாள். பதினோராம் மாடியில் காது அடைக்கிறது என்றாள். பத்தொன்பதில் கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தாறில் கதவு திறந்தபோது கண்ணைத் திறந்து, ஜன்னல்வரை நடந்துபோய், கீழே ஊரைப் பார்த்தாள். கார்களும் மரங்களும் ஆட்களும் பொட்டுப் பொட்டாக நகர்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து லிஃப்டில் ஏறினாள். கீழே இறங்கும் வரையிலும் பேசவில்லை. பயந்துவிட்டாள்போலிருக்கிறது என்று லிஃப்ட்காரர் சல்லடையைக் கவலையோடு பார்த்தார். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

தரைத்தளத்தில் கதவு திறந்தது. இருவரும் இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பொத்தான்கள் இருந்த பக்கமாக நகர்ந்து நின்றாள்.

“மாப்பிள்ளை, இன்னொரு தடவ மேல போலாம். இந்தத் தடவ கண்ண மூடமாட்டேன்.”